சொல்லப்பட்ட துயரம் ஓர் அமானிதம்

மனித உள்ளத்தைப் படைத்த வல்ல நாயன் அதில் மகிழ்ச்சியை மட்டும் வைத்துவிடவில்லை. துயரத்தையும் அச்சத்தையும் கோபத்தையும் ஏக்கத்தையும் அதே உள்ளத்தில்தான் வைத்திருக்கிறான். சிரிப்பதற்கு நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. அழுவதற்கும் அப்படியே. ஆனால் வந்த துயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் மனிதன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அண்மைக் காலமாக நகரங்களில் ஒரு வழக்கம் பரவி வருகிறது. ஒரு தெருவில் அல்லது ஒரு குடியிருப்பில் வாழ்வோர் பத்துப் பதினைந்து பேர் ஓரிடத்தில் கூடுகிறார்கள். தாள், வண்ணம், களிமண், துணி, நூல் இவை நடுவில் இருக்கும். யாரும் ஓவியக் கலை பயில வந்தவர் அல்லர். நெஞ்சில் அடைத்துக் கிடப்பதைக் கையால் வெளியே எடுத்து வைத்துப் பார்க்க வந்தவர்கள். ஒருவர் வரைந்ததன்மேல் மற்றொருவர் தொடர்ந்து வரைகிறார். ஒருத்தி தைத்த துண்டோடு இன்னொருத்தி தன் துண்டைச் சேர்க்கிறாள். கலைப் பட்டறை என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள்.

இதைக் கேள்வியுறும் முஸ்லிம் குடும்பங்களில் மூன்று ஐயங்கள் எழுவது இயல்பே. ஈமான் உள்ளவன் தன் துயரத்தை அல்லாஹ்விடம் சொல்லுவான். கூட்டத்தில் வைத்துச் சொல்லுவது பொறுமைக் குறைவன்றோ என்பது முதல் ஐயம். ஓவியம், உருவம் என்று போனால் மார்க்க வரம்பு மீறப்படாதா என்பது இரண்டாவது. வீட்டுக்குள் இருக்க வேண்டிய செய்தி வீதிக்கு வந்துவிடாதா என்பது மூன்றாவது. மூன்றும் மதிக்கத் தக்க ஐயங்கள். எதையும் தட்டிக் கழிக்காமல் நின்று பார்ப்போம்.

தேவை எங்கே பிறக்கிறது?

ஐயங்களுக்குள் புகுமுன், இப்படி ஒரு கூட்டத்துக்கு என்ன தேவை வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. சென்னையின் தென்பகுதியிலுள்ள பெருங்குடியையே எடுத்துக்கொள்வோம். ஏரியும் வயலும் சதுப்பு நிலமுமாக இருந்த ஊர் அது. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் எழுந்த பின்னர் ஊரின் முகமே மாறிவிட்டது. 2011இல் அது சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலகச் சிறப்புப் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே சதுப்பின் ஓரத்தில்தான் தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாக மலையாகக் குவிக்கப்பட்டு வந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் அந்தக் குப்பை மலை தீப்பற்றி நாள் கணக்கில் புகைந்தது. 2015 டிசம்பரின் பெருமழையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளத்தைக் கொண்டு வந்தன.

இவற்றையெல்லாம் தாங்கியவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள், வேலை தேடி வெளியூரிலிருந்து வந்தவர்கள், கட்டட வேலைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் என்று பலரும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமலேயே ஐந்து வருடம் கழிந்துவிடுகிறது. பெரிய குடும்பமாக ஊரில் வாழ்ந்த நாளில் ஒரு மவுத்து நேர்ந்தால் நாற்பது நாளும் வீட்டில் ஆள் இருக்கும். இன்று மூன்றாம் நாள் மாலையில் எல்லோரும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். கணவரை இழந்த பெண் இத்தா இருக்கும் அறையில் சுவரைத் தவிரப் பேச்சுத் துணை இல்லை.

வெள்ளம் வடிந்ததும் அரிசி வந்தது, போர்வை வந்தது, பாய் வந்தது. 2015இல் சென்னைப் பள்ளிவாசல்கள் மதம் பாராது மக்களைத் தங்க வைத்ததையும், முஸ்லிம் இளைஞர்கள் சேறு படிந்த கோயில்களைக் கழுவித் துடைத்ததையும் நாடே பாராட்டிற்று. எல்லாம் நற்செயல்களே. ஆயினும் வானம் கறுக்கும்போதெல்லாம் பிள்ளைகளின் புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு இரவு முழுதும் விழித்திருக்கும் ஒரு தாய்க்கு எந்த நிவாரணப் பொட்டலத்தில் மருந்து இருந்தது? வயிற்றுக்குச் செய்ததை நெஞ்சுக்குச் செய்ய நாம் இன்னும் தொடங்கவில்லை.

கலை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பெருங்குடிக்குக் கிழக்கே கடலோரம் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். ஓவியர்கள் பாத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, ஒருவர்க்கொருவர் துணையாக வாழ்ந்த இடம் அது. அது கலைஞர்களின் கூட்டுறவு. பெருங்குடிக்குத் தெற்கே கண்ணகி நகரில், 2000 முதல் நகரத்தின் உள்ளிருந்து பெயர்த்துக் கொண்டு வரப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. 2020இல் மாநகராட்சியின் ஒத்துழைப்போடு ஸ்டார்ட் இந்தியா என்னும் அமைப்பு அங்கே கட்டடச் சுவர்களில் மிகப் பெரிய ஓவியங்களை வரையச் செய்தது. அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் அதைப் பார்க்க வந்தார்கள். இது நன்மையே. ஆனால் இது கலைஞர் மக்களுக்காக வரைந்தது. நாம் இங்கே பேசுவது மூன்றாவது வகை. கலைஞர் அல்லாத மக்கள், தங்களுக்காகத் தாங்களே, ஒன்றாக அமர்ந்து செய்வது. அழகான பொருள் உண்டாவது அதன் நோக்கமன்று. ஒரு மனம் இலேசாவது அதன் நோக்கம்.

பொறுமை என்பது ஊமையா?

முதல் ஐயத்துக்கு வருவோம். நம் மார்க்கத்தில் ஸபுருக்கு உள்ள இடம் பெரிது. ஆனால் அந்தச் சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தனக்குத் துன்பம் வரும்போது தன்னைத் தாங்கிக்கொள்ள ஒரு முஃமின் பிடிக்கும் கைத்தடி அது. அதை எடுத்து அடுத்தவர் வாயை அடைப்பதற்குப் பயன்படுத்தினால் அது பொறுமையாகுமா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இரண்டாம் முறை பிள்ளையின் பெயரைச் சொல்லும்போதே, "சபுர் செய்யுங்கம்மா, அல்லாஹ் கொடுத்தான், அல்லாஹ் எடுத்துக்கொண்டான்" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். சொன்ன சொல் உண்மை. ஆனால் சொன்ன காரணம்? அந்தத் தாயின் அழுகையைக் கேட்க நம்மால் முடியவில்லை, அவ்வளவுதான். பல வேளைகளில் நாம் மற்றவர்க்குப் பொறுமையை உபதேசிப்பது நம்முடைய பொறுமைக் குறைவினால்தான்.

யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையின் யூஸுஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அவர்கள் நபி. பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர்கள். அவர்களே மகனைப் பிரிந்த துயரில் கண்ணொளி குன்றும் அளவுக்கு வருந்தினார்கள். ஆண்டுகள் பல கடந்தும் யூஸுஃபின் நினைவு அகலவில்லை. இன்னுமா அந்த நினைவு என்று அவர்களிடம் சலித்துக்கொண்டவர்கள் யார்? அந்தப் பிரிவை உண்டாக்கிய மக்களேதான்! துயரப்படுபவரை நிறுத்தச் சொல்லும் குரல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான பாடம் வேண்டுமா? தம் முறையீடு அல்லாஹ்விடமே என்று அந்த நபி பதிலளித்தார்கள். முறையீடு அவனிடம்தான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இறைவனிடம் முறையிடுவது வேறு, அருகில் இருப்பவர் அந்தத் துயரத்தை அறிந்து துணை நிற்பது வேறு. முன்னது துயரப்படுபவரின் வணக்கம். பின்னது சுற்றியுள்ள நம் கடமை. அவர் அல்லாஹ்விடம் சொல்லிக்கொள்வார் என்று கூறி நம் கடமையிலிருந்து நாம் நழுவ முடியாது.

மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையில், இதற்குமுன் தாம் இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியதைத் திருமறை மறைக்கவில்லை. பெண்களில் மேன்மையாக்கப்பட்ட அவர்களை அதற்காகக் கண்டிக்கவும் இல்லை. அந்த வேளையில் அவர்களுக்குக் கிடைத்தவை ஆறுதலும் பேரீச்சம் பழமும் நீருமே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் சிறு மகன் இப்ராஹீமின் மரணத்தில் கண்ணீர் வடித்தார்கள். தோழர் ஒருவர் வியப்போடு வினவியபோது, அது இரக்கத்தின் அடையாளம் என்று விளக்கினார்கள். ஒருமுறை கபுறருகே அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு நாயகம் அவர்கள் பொறுமையை எடுத்துரைத்தார்கள். பேசுபவர் யாரென அறியாத அந்தப் பெண், என் துன்பம் உமக்கு வரவில்லை என்ற கருத்தில் கடிந்து பேசிவிட்டார். நாயகம் அவர்கள் கோபிக்கவில்லை, மேலும் வற்புறுத்தவும் இல்லை. பின்னர் அவரே தேடி வந்தபோதுதான் துன்பத்தின் முதல் அதிர்ச்சியில் காட்டும் பொறுமையின் சிறப்பைச் சொன்னார்கள். உபதேசம் செய்யும் உரிமை பெற்றவர்களே கடிந்த சொல்லைப் பொறுத்துக்கொண்டார்கள். நாம் எம்மாத்திரம்!

அதே வேளையில் வரம்பும் உண்டு. கன்னத்தில் அறைந்துகொள்வதையும் ஆடையைக் கிழித்துக்கொள்வதையும் ஒப்பாரி வைப்பதையும் மார்க்கம் தடுத்திருக்கிறது. காரணத்தை ஆராய்ந்தால் ஒரு நுட்பம் விளங்கும். கூலிக்கு மாரடிக்கும் கூட்டத்தில் அழுகை இருக்கிறது, துயரம் இல்லை. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டவரிடம் துயரம் இருக்கிறது, அழுகை இல்லை. இரண்டுக்கும் நடுவே துயரத்துக்கு ஓர் ஒழுங்கான வடிவம் கொடுக்கும் வழி இருக்கிறது. கை தேடுவது அந்த நடுவழியைத்தான்.

கை பேசும் பேச்சு

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பல்கு நாட்டு அறிஞர் அபூ ஜைத் அல்பல்கீ (850 - 934) உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும் என்றும், காரணம் தெரிந்த கவலை ஒன்று, காரணம் தெரியாமல் வரும் கவலை மற்றொன்று என்றும் அவர் பிரித்துக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மேதை நோய் என்று கண்டதை, இன்றும் நம்மில் பலர் ஈமான் குறைவு என்று சொல்லிவிடுகிறோம். துருக்கியில் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீது 1488இல் கட்டி முடித்த மருத்துவமனையில், மனம் நொந்தவர்களுக்கு ஓடும் நீரின் ஓசையும் நறுமணமும் இசையும் மருந்தாக அளிக்கப்பட்டதைப் பயணி எவ்லியா செலபி எழுதி வைத்திருக்கிறார்.

இன்னும் அருகில் வருவோம். ஹிஜ்ரீ 5இல் மதீனாவைச் சுற்றிப் பகைவர் படை திரண்டபோது அகழ் தோண்டினார்கள். பசி, குளிர், அச்சம் எல்லாம் கூடியிருந்த நாட்கள் அவை. அந்த அச்சத்தை அல்அஹ்ஸாப் அத்தியாயம் ஒளிக்காமல் பேசுகிறது. அப்போது தோழர்கள் மண் சுமந்துகொண்டே சேர்ந்து அடிகளைப் பாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள், பாட்டில் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் இருந்த அச்சத்தை எல்லோருமாகச் சேர்ந்து சுமந்த காட்சி அது. தனித்தனியே சுமந்திருந்தால் அந்த மண்ணும் அச்சமும் இரட்டிப்பாகக் கனத்திருக்கும்.

மற்றொரு நிகழ்ச்சி. நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் தரையில் சதுரமாக ஒரு கோடு வரைந்தார்கள். அதன் நடுவே ஒரு கோடு, சதுரத்தைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும்படி. நடுக்கோட்டை நோக்கிப் பக்கத்தில் சிறு சிறு கோடுகள். நடுவில் இருப்பவன் மனிதன், சூழ்ந்திருப்பது அவன் ஆயுள், வெளியே நீள்வது அவன் ஆசை, சிறு கோடுகள் அவனைத் தைக்கும் துன்பங்கள் என்று விளக்கினார்கள். ஆசைக்கும் ஆயுளுக்கும் இடையே மனிதன் படும் பாட்டைச் சில கோடுகளில் கண்முன் வைத்துவிட்டார்கள். வாயால் சொன்னால் காதோடு போகும். கோடாகக் கண்டால் அதில் தன்னைத் தேடத் தோன்றும்.

பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்களின் கைகள் கோரையை நூலாகக் கிழித்து, மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தருகின்றன. கல்யாண வீட்டில் மருதோன்றி அரைத்து இடும் இரவில், மகளைப் பிரியப்போகும் உம்மா வாயால் சொல்லாததை அவள் விரல் சொல்லிவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி வேலை செய்தபடியே பாதித் துயரத்தைக் கரைத்த காலம் நம் பாட்டிமாரின் காலம். அந்தத் திண்ணை போய்விட்டது, முற்றம் போய்விட்டது. போனதை வேறு பெயரில் திரும்பத் தேடுகிறது இந்தக் காலம்.

உருவம் பற்றிய ஐயம்

இரண்டாவது ஐயம் உருவம் வரைவது பற்றியது. உயிருள்ளவற்றின் உருவத்தைக் கையால் வரைவதை உலமாப் பெருமக்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்குப் பலர் இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த விவாதத்தை இங்கே நாம் தீர்க்கப் போவதில்லை. தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. உருவம் வரைந்து பிழைப்பதாகச் சொன்ன ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்தத் தடையை எடுத்துச் சொன்னதோடு நிறுத்தவில்லை. மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரையலாம் என்று வழி காட்டினார்கள். ஒரு கதவை மூடியவர் மற்றொரு கதவைத் திறந்தும் விட்டார். நமக்கு வேண்டிய முன்மாதிரி இதுவே.

மனிதத் துயரத்தைச் சொல்ல மனித முகம் வேண்டும் என்பதில்லை. வெள்ளம் வந்த இரவை ஒரு கறுத்த நீலத் தீற்றலால் சொல்லலாம். மூடிய வாசற்கதவு, காலியான நாற்காலி, வாடிய செடி ஆகியவை சொல்லாத சொல்லா? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய பள்ளிவாசல் தூண்களில் கல்லே பூவாக, கொடியாக மலர்ந்திருக்கிறது. உருவத்தை விலக்கியதால் நம் கலை ஏழையாகிவிடவில்லை. எழுத்தும் கோலமும் கொடியும் கொண்டு உலகம் வியக்கும் கலையாக அது வளர்ந்தது. எனவே இந்த ஐயம் பட்டறையின் வாசலை அடைக்கும் தடை அன்று. எதை எடுத்து எதை விடுவது என்று தெரிந்து நுழையச் சொல்லும் அறிவுரையே.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

மூன்றாவது ஐயம்தான் மிகவும் கனமானது. அதற்குமுன், இப்படி ஒரு முயற்சி நம் மொழி பேசும் மக்களிடையே கடுமையான சூழலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பெருங்குடியின் துன்பம் நீரால் வந்தது. மனிதர் கையால் வந்த துன்பத்தின் நடுவிலும் இந்த வழி பயன்பட்டதா என்பதற்கு இலங்கையின் கிழக்குக் கரை விடை தருகிறது.

1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஷஹீதானவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். அடுத்த மாதமே, மட்டக்களப்பை அடுத்த சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், குழந்தைகளும் பெண்களும் உட்பட, கொன்று குவிக்கப்பட்டார்கள். ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் வாங்கி விற்று வாழ்ந்த இரு சமூகத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சி வளர்ந்தார்கள்.

அந்த மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற பெயரில் ஒரு தோட்டம் தொடங்கப்பட்டது. இயேசு சபைக் குருவும் உளவளத் துணையாளருமான பால் சற்குணநாயகமும், கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் அதன் முன்னோடிகள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் வாரத்தில் ஒருநாள் வண்டியில் அழைத்து வரப்பட்டார்கள். களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நடித்தார்கள், செடி வளர்த்தார்கள். இப்படிப் பல மாதங்கள். உனக்கு என்ன நடந்தது என்று கேட்டு யாரும் அவர்களைத் துளைக்கவில்லை. மண்ணும் வண்ணமும் அவர்கள் முன்னே இருந்தன. சொல்ல வேண்டும் என்று தோன்றிய நாளில் அந்தப் பிள்ளை தன் வழியில் சொன்னது.

போர் 2009வரை நீடித்தது. இடையே 2004 டிசம்பரில் கடலும் பொங்கி வந்தது. ஒரு தோட்டம் ஒரு போரை நிறுத்திவிடாது. அப்படி யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் எந்தச் சமூகத்துப் பிள்ளையைக் கண்டு நடுங்கினோமோ அந்தப் பிள்ளையின் கையும் நம் கையும் ஒரே களிமண்ணில் பதிந்தது என்ற அனுபவம் சிறிதன்று. அச்சத்தை வெளியே எடுத்து வைத்தபோதுதான் அடுத்த பிள்ளையிடமும் அதே அச்சம் இருப்பது தெரிகிறது.

யாருடைய சொத்து?

இனி மூன்றாவது ஐயம். வீட்டுச் செய்தி வீதிக்கு வருமே! இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இன்று உதவி பெறும் ஏழையின் கையில் அரிசிப் பையைக் கொடுக்கும்போதே படம் பிடித்துவிடுகிறோம். அழுகின்ற முகத்தைக் கைப்பேசியில் பதிந்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். கலைப் பட்டறையும் அந்த வழியில் போகலாம். அன்று வரைந்ததை மறுநாள் கண்காட்சியாக வைத்து, இது கணவனால் அடிபட்டவள் வரைந்தது, இது பிள்ளையை இழந்தவள் தைத்தது என்று அட்டை மாட்டினால், அதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை. துயரம் மறுபடி ஒருமுறை பறிக்கப்பட்டதாகவே ஆகும்.

ஒருவர் தம் துயரத்தை நம்மிடம் வெளியிட்டால் அது நம்முடைய பொருளாகிவிடுவதில்லை. வாயால் சொன்னாலும் வண்ணத்தால் சொன்னாலும் அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பணத்தை அமானிதமாகப் பெற்றவர் அதைச் செலவு செய்யலாகாது. துயரத்தை அமானிதமாகப் பெற்றவர் அதைப் பேச்சாகவும் செலவு செய்யலாகாது, பெருமையாகவும் செலவு செய்யலாகாது, நன்கொடை திரட்டும் விளம்பரமாகவும் செலவு செய்யலாகாது. ஒரு பட்டறை நல்லதா தீயதா என்பதை அங்கே தீட்டிய வண்ணம் தீர்மானிப்பதில்லை. இந்த அமானிதம் காக்கப்பட்டதா என்பதே தீர்மானிக்கிறது.

காட்டினால்தான் பயன் என்பதும் இல்லை. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் தம் மாணவி ஒருவரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் தம் வாழ்வின் கடுந்துயரங்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் பெயர் வெளிப்படாமல் எழுதினார்கள். எழுதி முடித்த வேளையில் அவர்களுடைய மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதனால் தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. வடிவம் கொடுத்ததில்தான் பயன் இருந்தது, விளம்பரத்தில் அல்ல. கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவத்தோடு சேர்ந்து கலையும் துணை செய்கிறது என்பதே அதன் சாரம்.

துணை என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கமும் உணவும் அற்றுப் போனவர்க்கு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர்க்கு வண்ணத்தாள் மட்டும் போதாது, மருத்துவர் வேண்டும். சென்னையில் மனநோயாளிகளுக்காக டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும், தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பும் இருக்கின்றன. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதில் வெட்கப்படாத நாம் இதில் வெட்கப்படுவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை.

மஹல்லாவில் என்ன செய்யலாம்?

பெரும் பொருட்செலவு தேவையில்லை. மதரஸாவின் கூடம் ஒரு பிற்பகலுக்குக் கிடைத்தால் போதும். பெண்களுக்கு ஒரு நாள், பிள்ளைகளுக்கு ஒரு நாள், வயதான ஆண்களுக்கும் ஒரு நாள். வயதான ஆண்கள் என்றதும் சிரிக்க வேண்டாம். வளைகுடாவில் முப்பதாண்டு உழைத்துத் திரும்பிய ஒருவர், தாம் பார்க்காமலே வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் நடுவே விருந்தாளிபோல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் நெஞ்சில் உள்ளதை யார் கேட்டார்கள்? அக்கம்பக்கத்துப் பிற சமயத்தாரும் வர விரும்பினால் வரட்டும். வெள்ளம் வீடு பார்த்து வரவில்லை.

சில நிபந்தனைகளை மட்டும் கண்டிப்பாகக் காக்க வேண்டும். வருபவரைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது; மூன்று வாரம் வெறுமனே நூல் கோத்துவிட்டுப் போனாலும் போகட்டும். அங்கே கேட்டதும் கண்டதும் அங்கேயே நிற்க வேண்டும். யாரும் படம் எடுக்கக் கூடாது. வரைந்த தாள் வரைந்தவருக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டு போவதோ கிழித்துப் போடுவதோ அவர் விருப்பம். இது அழகாக இல்லை என்று ஒரு சொல்லும் எழக் கூடாது. அழகாக இருக்கிறது என்று புகழ்ந்து தள்ளவும் வேண்டாம். நடத்துபவர் பேச்சாளராக இருப்பதைவிடக் காது கொடுப்பவராக இருக்க வேண்டும். தக்க பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருப்பது நலம். அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னதும் எழுந்து தொழுதுவிட்டுக் கலையலாம். கையால் சொன்னதை இனி ஸுஜூதில் சொல்லட்டும். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தன் துயரம் இன்னதென்று தனக்கே தெளிந்தவர் கேட்கும் துஆவில் தனி உருக்கம் இருக்கும்.

நம்மிடம் உள்ள செல்வத்தில் ஏழைக்குப் பங்கு உண்டென்று ஒப்புக்கொண்ட சமுதாயம் நாம். நம்மிடம் உள்ள நேரத்திலும் செவியிலும் துயரப்பட்டவருக்குப் பங்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்வோம். அதற்கு ஜகாத்தைப்போல் கணக்கு இல்லை. ஆனால் கேள்வி உண்டு. அடுத்த வீட்டில் ஒரு நெஞ்சு வெந்துகொண்டிருக்க, சபுர் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோமா என்று கேட்கப்பட்டால் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

நம்மிடம் ஒப்படைக்கப்படும் துயரங்களைக் காக்கும் உறுதியையும், கேட்கும் செவியையும், வாய் திறக்க இயலாதவரின் அருகில் அமர்ந்திருக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.